முகருரா துடுப்புக்காலிகளை எண்ணிய காலை

முகருராவுக்குப் பேசத் தெரியும். அதில் எம்புரோ ஏரிக்கரையில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கல்யாண வீட்டில் மாடுகளின் புகழைப் பாடச் சொன்னால் கால்மணி நேரம் மூச்சு விடாமல் பாடுவான். எழவு வீட்டுக்குப் போனாலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அப்பேர்ப்பட்டவன் ஏழு வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்றால் அதற்குக் காரணம் படகுத் துறையின் விதி. வனவிலங்குப் பூங்காவின் படகில் வருகிறவர்களிடம் பறவைகளைப் பற்றிப் பேச வழிகாட்டி லைசென்ஸ் வேண்டும். முகருராவிடம் இருந்தது படகோட்டி லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு எஞ்சினோடு பேசலாம், அவ்வளவுதான்.

படகின் முன்னால் நிற்கும் வழிகாட்டி நீர்க்காகத்தைக் காட்டிப் பாம்புத்தாரா என்பான். பின்னால் எஞ்சினைப் பிடித்திருக்கும் முகருராவுக்கு வயிறு எரியும். என்ன செய்வது? இருமுவான். இருமலுக்கு லைசென்ஸ் தேவையில்லையே. ஒரு வெள்ளைக்கார அம்மா பாவம் என்று நினைத்து ஒரு பொட்டலம் இருமல் மிட்டாயை அவன் கையில் வைத்துவிட்டுப் போனார். மற்ற வழிகாட்டிகள் அந்த இருமலைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. கெமிகிஷா மட்டும்தான் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டாள். இவன் இருமினால் திரும்பிப் பார்ப்பாள், இவன் கண் போகும் திசையில் தன் கண்ணை விடுவாள், அங்கே ஒரு பறவை இருக்கும். அவளுக்கு நல்ல வழிகாட்டி என்று பெயர் வந்ததில் பாதி இவன் தொண்டையின் உபயம். அவளும் அதை மறுத்ததில்லை.

அப்படியானால் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எழுதினான். இரண்டு தடவை. இரண்டிலும் தோற்றான். குரலை வைத்துப் பறவையைச் சொல்லத் தெரியும், இறகை வைத்துச் சொல்லத் தெரியும், எச்சத்தைப் பார்த்தே சொல்லத் தெரியும். ஆனால் தேர்வின் கடைசிப் பகுதி பறவைக் கணக்கெடுப்பு. ஏரியை ஒரு சுற்று சுற்றி எந்தப் பறவை எத்தனை என்று தாளில் எழுத வேண்டும். அங்கேதான் இடித்தது.

முகருரா ஹிமா மாட்டுக்காரர்களின் வீட்டில் பிறந்தவன். மாட்டுக்காரன் உயிருள்ளதை எண்ண மாட்டான். மந்தை பட்டிக்குத் திரும்பும்போது வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். ஒன்று வரவில்லை என்றால் வராதது எது, அதன் தாய் எது, எந்தப் புதருக்குப் பின்னால் நிற்கும் என்பது வரைக்கும் தெரியும். எத்தனை மாடு என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும், நூறு மாடு நின்றாலும், ‘கொஞ்சம் கன்னுக்குட்டிங்க இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்கு மாற்றுவான். எண்ணைச் சொன்னால் அந்த எண் குறையும். முகருராவின் தாய்மாமா ஒருமுறை கால்நடை டாக்டரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அந்த மாதமே பட்டியில் இடி விழுந்து பாதி மந்தை போனது. தற்செயல் என்றார் டாக்டர். டாக்டருக்கு என்ன, அவருடைய மாடா?

பிள்ளைகள் விஷயமும் இப்படித்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எத்தனை குழந்தைகள் என்று கேட்டபோது முகருரா பெயர்களை வரிசையாகச் சொன்னான். நர்ஸ் விரலை மடக்கிக் கூட்டிக்கொண்டாள். இவன் அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதல் தேர்வில் எல்லாப் பறவைக்கும் நேராக ‘இருக்கின்றன’ என்று எழுதிக் கொடுத்தான். இரண்டாவது தேர்வில் அதைவிட மோசம். தேர்வாளர் எண்ணைக் கேட்க, இவன் நீர்க்காகங்களை ஒவ்வொன்றாக அடையாளத்தோடு சொல்லத் தொடங்கினான். வாலில் இறகு உதிர்ந்தது, கழுத்தைச் சாய்த்து உட்காருவது, அதன் தம்பி. கால்வாசிகூட முடிப்பதற்குள் தேர்வு நேரம் முடிந்துவிட்டது. மூன்று முறைக்குமேல் யாரையும் உட்கார விடமாட்டார்கள். இந்த முறையும் போனால் முகருரா ஓய்வு பெறுகிறவரைக்கும் இருமிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கெமிகிஷா ஒரு மாதமாக அவனுக்குப் பாடம் எடுத்தாள். அவள் வயல் வேலை செய்கிறவர்களின் மகள். கேழ்வரகு மூட்டை முதல் கோழிக்குஞ்சு வரைக்கும் எண்ணாமல் எதையும் வீட்டுக்குள் விடாத குடும்பம். தினமும் மத்தியானம் துறையில் நிலக்கடலையைப் பரப்பி வைத்து, இதெல்லாம் பறவை என்று நினைத்துக்கொள்ளுங்கள், எண்ணுங்கள் என்பாள். பறவை என்று அவள் சொன்ன கணமே முகருராவின் கை பின்னுக்குப் போய்விடும். கடைசியில் பறவைகளை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான்.

“பால் குடிச்சுக் குடிச்சு உங்க ஆளுங்களுக்கு மூளையே தயிராப் போச்சு அண்ணே” என்றாள் ஒருநாள்.

“தயிராவது ஆச்சு. உங்க வீட்டுக் களி மாதிரி கட்டி தட்டிப் போகலயே” என்றான் அவன்.

வழி சொன்னது அவன் மனைவி ஜோவனிதா. அவள் பால் கறந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

“அபாஹோ அப்பா, பறவைய ஏன் எண்ணுறீங்க? அது உக்காந்திருக்கிற கிளைய எண்ணுங்க. கிளைக்கு என்ன ஆகப்போகுது?”

முகருரா அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை, அத்தனை சந்தோஷம். மறுநாளே பழகிப் பார்த்தான். மீன்கொத்தி உட்கார்ந்த குச்சி, கொக்கு நின்ற கல், இலைக்கோழி மிதித்த அல்லி இலை எல்லாவற்றையும் தாராளமாக எண்ண வந்தது. கூழைக்கடாக்கள் நடுத்தண்ணீரில் மிதந்தபோது கொஞ்சம் திகைத்தான். பிறகு தண்ணீரில் விழுந்த நிழல்களை எண்ணினான். கெமிகிஷா தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இந்த முறை பாஸ்தான் என்று கையைத் தட்டினாள்.

தேர்வாளர் கம்பாலாவிலிருந்து வந்தார். திருமதி வமாலா. நரைத்த குட்டை முடி, காக்கித் தொப்பி, சிரித்துப் பல வருஷம் ஆனது போன்ற முகம். கையில் கட்டைவிரலால் அமுக்கினால் எண் ஏறும் ஒரு சின்னக் கருவி. வணக்கம் சொன்னவனிடம் விதியைச் சொன்னார். இருவரும் தனித்தனியாக எண்ண வேண்டும். அவன் கணக்கு அவர் கணக்கிலிருந்து பத்தில் ஒரு பங்குக்குமேல் விலகக் கூடாது. கடைசியாகத் துடுப்புக்காலி என்கிற அபூர்வப் பறவை. அது ஒன்றில் தவறினாலும் மற்றதெல்லாம் வீண், ஏனென்றால் உலகத்தின் மறுகோடியிலிருந்து ஜனங்கள் இந்தச் சின்ன ஏரிக்கு வருவதே அதைப் பார்க்கத்தான்.

முகருராவுக்கு அப்போதுதான் உறைத்தது. துடுப்புக்காலியை அவன் பழகிப் பார்க்கவில்லை. அதை ஏழு வருஷமாகத் தினமும் பார்க்கிறோமே என்று விட்டுவிட்டான்.

காலை ஏழு மணிக்குப் படகு கிளம்பியது. அன்றைக்கு எஞ்சின் கெமிகிஷாவின் கையில். முகருரா முதல் முறையாகப் படகின் முன்னால் உட்கார்ந்தான். முன்னாலிருந்து பார்த்தால் ஏரி வேறு ஏரியாகத் தெரிந்தது. நீர்யானைகள் காதையும் கண்ணையும் மட்டும் வெளியே விட்டு இவர்களைப் பார்த்தன. முகருரா கிளைகளை எண்ணினான், கற்களை எண்ணினான், நிழல்களை எண்ணினான். அவன் நீர்க்காகத்துக்கு நாற்பத்தொன்று எழுதினான்; வமாலா அம்மாவின் கருவி நாற்பத்து மூன்று காட்டியது. மீன்கொத்தியில் இரண்டு பேரும் ஒன்று. கூழைக்கடாவில் ஒன்றே ஒன்று வித்தியாசம். வமாலா அம்மா அவனுடைய போன வருஷத்துத் தேர்வுத் தாளை எடுத்து ஒருமுறை பார்த்தார், பிறகு அவனை ஒருமுறை பார்த்தார்.

பத்து மணிக்கு நாணல் ஓரமாகப் படகை நிறுத்திவிட்டு வறுத்த கடலையும் சப்பாத்தியும் சாப்பிட்டார்கள். முகருரா வீட்டிலிருந்து கொண்டுவந்த பாலைக் குடுவையிலிருந்து ஊற்றி, அம்மாவும் கடலை தின்றதைக் கவனிக்காமல், இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் நீட்டினான். கெமிகிஷா கடலை மென்ற வாயோடு, அவன் பார்க்காத நேரத்தில், ஏற்கனவே ஒரு கோப்பை இறக்கியிருந்தாள்.

“வேண்டாம்ப்பா. இப்பத்தான் கடலை சாப்பிட்டேன்” என்றார் வமாலா அம்மா, யோசிக்காமல்.

முகருராவின் கை அப்படியே நின்றது. கடலை தின்ற வாயில் பாலை விட்டால் மாட்டின் மடி வற்றும் என்று கம்பாலாவில் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? வமாலா என்கிற கம்பாலாப் பெயர் புருஷனுடையதாக இருக்கும். காக்கித் தொப்பிக்குக் கீழே இருப்பது நம்ம மாட்டுக்கார வீட்டுப் பெண். அவன் குடுவையை மூடி ஓரமாக வைத்தான். தெரிந்துகொண்டதைக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் இவரிடம் எண்ணைச் சொல்ல முடியாததன் காரணத்தை விளக்க வேண்டியிருக்காது என்று ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. பாவம், அது எவ்வளவு தூரம் போகும் என்று அவனுக்குத் தெரியாது.

பிறகு தெற்குக் கரை. அத்திமரங்களும் முட்புதர்களும் தண்ணீர்மேல் கவிந்து, கீழே பகலிலும் இருட்டு. துடுப்புக்காலிகளின் இடம் அதுதான். வாத்து மாதிரி இருக்கும், ஆனால் வாத்து இல்லை. சிவந்த அலகு, தண்ணீருக்குள் பாதி முங்கிய உடம்பு, விரல்களில் துடுப்புத் துடுப்பாகத் தோல். கூச்சம் அதிகம். ஆளைப் பார்த்தால் பறக்காது, கரையை ஒட்டி நிழலுக்குள்ளேயே நழுவி முன்னால் போய்க்கொண்டே இருக்கும்.

முகருரா தலையைக் குனிந்து பார்த்தான். உட்காரக் கிளை இல்லை. நிற்கக் கல் இல்லை. நிழலிலேயே நீந்துகிற பறவைக்குத் தனி நிழலும் இல்லை. ஜோவனிதாவின் யோசனை அந்தக் கரையோடு தீர்ந்துபோனது.

வமாலா அம்மாவின் கட்டைவிரல் அமுக்கியது. கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு முறை. வளைவு தாண்டியதும் மறுபடி. ஒவ்வொரு சத்தத்துக்கும் முகருராவின் தோள் துள்ளியது. ஏனென்றால் அவனுக்குத் தெரியும், வளைவுக்கு முன்னால் நழுவிய, அவன் காஜு என்று பெயர் வைத்திருக்கிற பறவைதான் வளைவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்க்கிறான். எஞ்சின் சத்தம் துரத்தத் துரத்த, அதே பறவைகள் ஓடி ஓடி மறுபடி மறுபடி கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. பிஹோகோ என்கிற பெட்டை மட்டும்தான் தன் அத்திவேரைவிட்டு நகராமல் இருந்தாள். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

கரை முடிந்ததும் எஞ்சினை நிறுத்தச் சொன்னார் அம்மா. கருவியைத் திருப்பிக் காட்டினார். பதினொன்று. அவனுடைய தாளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

முகருரா தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தக் கரையில் இருப்பது பிஹோகோ, காஜு, க்யாஷா, கோபே என்றான். மாடுகளுக்கு வைக்கிற பெயர்கள்தான். பிஹோகோ என்றால் கருஞ்சிவப்பு, காஜு வெளிர்பழுப்பு, க்யாஷாவுக்கு நெற்றியில் வெள்ளை, கோபேக்கு அலகு கொஞ்சம் வளைசல். இவர்களைத் தவிர இங்கே யாரும் இல்லை என்றான். பதினொன்று இல்லை என்று நேராகச் சொல்லாமல், மற்றவர்கள் எல்லாம் இவர்களேதான் என்று பணிவாகச் சொன்னான்.

“பேரு கேக்கலப்பா. எண்ணு கேக்கறேன்.”

முகருரா படகின் பலகையைப் பார்த்தான். கெமிகிஷா எஞ்சின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை. அவளாக இருந்தால் எப்போதோ சொல்லி முடித்து வீட்டுக்குப் போயிருப்பாள்.

“அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே” என்றான் முகருரா. “உங்கப்பா வீட்ல எத்தன மாடு?”

வமாலா அம்மா வாயைத் திறந்தார். மூடினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். தூரத்தில் ஒரு நீர்யானை கனைத்தது.

“இருக்கு” என்றார் கடைசியில். “கொஞ்சம்.”

கெமிகிஷாவுக்கு வந்த சிரிப்பை அவள் எஞ்சின் மூடியைத் துடைப்பதுபோல் குனிந்து மறைத்தாள். வமாலா அம்மா சிரிக்கவில்லை. ஆனால் குரலில் இருந்த கம்பாலா கொஞ்சம் கழன்றுவிட்டது. சரி, நீ சொல்கிறதை நிரூபித்துக் காட்டு என்றார். முகருரா எஞ்சின் வேண்டாம், துடுப்பு போதும் என்றான். படகைக் கரையின் நடுவில் ஒரு புதருக்குள் செருகி, யாரும் பேசாமல் இருக்கச் சொன்னான். சத்தம் போய்விட்டால் அவரவர் தங்கள் தங்கள் இடத்துக்குத் திரும்புவார்கள், வருவதற்கு முன்னால் யார் வருவது என்று நான் சொல்கிறேன் என்றான்.

அரைமணி நேரம் கொசுக்கடி. பிறகு முகருரா மெல்ல, க்யாஷா வருகிறாள், சாய்ந்த மரத்துக்குப் போவாள் என்றான். நிழலிலிருந்து ஒரு சிவந்த அலகு வந்தது. நெற்றியில் வெள்ளை. நேராகச் சாய்ந்த மரத்துக்குக் கீழே போய் நின்றது. அடுத்தது காஜு, அவன் எப்போதும் தலையை ஆட்டிக்கொண்டே வருவான் என்றான். தலை ஆடிக்கொண்டே வந்தது. கடைசியாக வளைந்த அலகுள்ள கோபே, இவர்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, படகை உரசாத குறையாகப் போனான். பிஹோகோ தன் அத்திவேரிலேயே இருந்தாள், வால் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அதற்கப்புறம் இன்னொரு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தும் யாரும் வரவில்லை. மாலையில் பட்டி வாசலில் நிற்பதுபோல அவன் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தான், எல்லோரும் வீடு வந்துவிட்டார்கள்.

வமாலா அம்மா கையிலிருந்த கருவியைத் திருகிப் பதினொன்றைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தார். இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறவர். அதைச் செய்ய அவருக்கு எவ்வளவு மனசு வேண்டியிருந்திருக்கும் என்பதை முகருரா அப்போது யோசிக்கவில்லை. தன் கஷ்டம் தீர்ந்தது என்றுதான் நினைத்தான். தீரவில்லை.

“நான்தான் தப்பா எண்ணிட்டேன். ஒத்துக்கறேன்” என்றார் அம்மா. “ஆனா இந்தக் கட்டத்துல எண் இல்லாம என்னால கையெழுத்துப் போட முடியாது. நீ சொல்லணும். உன் வாயால.”

நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள் என்று முகருரா கெஞ்சினான். அவர் தலையை ஆட்டினார். தேர்வு எனக்கு இல்லை என்றார். அதில் கோபம் இல்லை. அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதனாலேயே முகருராவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருக்கலாம், மனசுக்குள்ளாவது.

அவன் தாய்மாமாவின் பட்டியை நினைத்தான். பிஹோகோவை நினைத்தான். அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எஞ்சினைக் கிளப்பத் தெரியாமல் எல்லோரும் சிரித்தபோது, சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அப்புறம் ஏழு வருஷத்தை நினைத்தான். தப்புத் தப்பாகப் பேர் சொல்லக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்த ஏழு வருஷம். இனி இருபது வருஷமும் அப்படியே. கெமிகிஷா அவனைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தாள். எண்ணுவது அவளுக்கு மூச்சுவிடுவது மாதிரி. ஆனாலும் அந்த நிமிஷம் சொல்லுங்க அண்ணே என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“நாலு” என்றான் முகருரா.

மிக மெல்லச் சொன்னான். சொன்ன பிறகு கையால் வாயைத் துடைத்துக்கொண்டான், ஏதோ கசப்பு ஒட்டியதுபோல. லைசென்ஸ் கிடைத்துவிட்டது. அழுகை வந்தது.

அப்போது அத்திவேருக்குக் கீழே தண்ணீர் அசைந்தது. பிஹோகோ வெளியே வந்தாள். அவள் தனியாக வரவில்லை. அவள் வாலை ஒட்டிக்கொண்டு பழுப்பாக, பஞ்சு உருண்டைபோல, குஞ்சு நீந்தி வந்தது. ஒன்றா, அதற்கு மேலா என்று நான் சொல்லப்போவதில்லை, என்னைக் கேட்கவும் வேண்டாம். அவள் நகராமல் இருந்தது வயசாகி அல்ல.

முகருராவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் முகம் விரிந்ததைக் கெமிகிஷா இன்றைக்கும் துறையில் நடித்துக் காட்டுகிறாள். அவன் சொன்ன எண் தப்பு. சொல்லும்போதே தப்பு. பொய் எண்ணுக்கு யார் குறைவார்கள்? யாரையும் அது தொடாது. அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தான். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. எண் தப்பென்றால் தேர்வும் தப்பு. துடுப்புக்காலியில் தவறினால் எல்லாமே வீண். அவன் மெல்லத் திரும்பி வமாலா அம்மாவைப் பார்த்தான்.

அவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்து அந்த அத்திவேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்தார். வாயோரம் என்னவோ அசைந்தது. பிறகு பைனாகுலரைக் கீழே இறக்கி, கழுத்துத் துணியின் நுனியால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் துடைத்தார், மறுபக்கம் துடைத்தார், மறுபடி முதல் பக்கம். பிஹோகோ தன் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு புதருக்குள் மறைந்து போகிறவரைக்கும் துடைத்தார்.

“அம்மா, அங்க வந்து…” என்று கெமிகிஷா ஆரம்பித்தாள். எண்ணாமல் விட அவள் குடும்பத்தில் பழக்கமில்லை.

“கண்ணாடில ஒரே தூசி” என்றார் வமாலா அம்மா. “எனக்கு ஒண்ணும் தெரியல. உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா?”

கெமிகிஷா அவரைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், இல்லம்மா என்றாள். அம்மா தாளில் அவன் கட்டம், தன் கட்டம் இரண்டிலும் நாலு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, முகருராவிடம் கொடுத்தார். பச்சைப்பிள்ளையை எந்த வீட்டிலும் ஊருக்குச் சொல்ல மாட்டார்கள். அதைக் கம்பாலாவின் தேர்வுத் தாளில் ஏற்றுவதா?

தாளை வாங்கிச் சட்டைக்குள் வைத்த கையோடு, கிழக்கிலிருந்து இன்னொரு படகின் எஞ்சின் சத்தம் கேட்டது. தொப்பியும் கேமராவுமாக ஒரு படகு நிறைய ஆட்கள். நீர்க்காகத்தைப் பாம்புத்தாரா என்பவன்தான் முன்னால் நின்றிருந்தான். இந்தக் கரையில் துடுப்புக்காலி தெரிகிறதா என்று அங்கிருந்தே கேட்டான். படகு நேராகப் பிஹோகோவின் அத்திமரத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

கெமிகிஷா வழிகாட்டி, பதில் சொல்ல வேண்டியது அவள். அவள் முகருராவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். முகருரா எழுந்து படகின் முன்னால் நின்றான். ஏழு வருஷப் பேச்சும் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது. அதில் எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. பழக்கத்தில் ஒரு இருமல் வந்தது. அதைப் பாதியில் விழுங்கினான்.

“இங்க ஒண்ணுமில்லங்க” என்று உரக்கச் சொன்னான். “வடக்குக் கரையில பாருங்க, அந்தப் பட்டமரத்துல. இந்த ஏரியிலேயே பெரிய மீன்கழுகு உக்காந்திருக்கு. சீக்கிரம் போங்க, பறந்துடும்.”

அந்தப் படகிலிருந்த எல்லாத் தலைகளும் வடக்கே திரும்பின. ஏரிக்கு அந்தப் பக்கம் பட்டமரம் தனியாக நின்றது. அதில் ஒரு காக்கைகூட இல்லை. வழிகாட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு தயங்கினான்.

வமாலா அம்மா பைனாகுலரை எடுத்தார். வெறும் மரத்தை நிதானமாகப் பார்த்தார்.

“ஆமா” என்றார். “சரியான கழுகு.”